சின்ன போட்டில் பற்றரி: எங்கே வைப்பது, எப்படிச் சார்ஜ் ஏற்றுவது

போன ஆவணியில் ஒரு காலை, திருகோணமலையில், திருக்கடலூர்க் கரையில் ஒரு தம்பி என்னை மறித்தார். "அண்ணை, பற்றரி செத்துப்போச்சு. இந்த வருசம் இது ரெண்டாவது. நல்ல பற்றரி எது எண்டு சொல்லுங்கோ, வாங்கிப் போடுறன்" என்றார். நான் பற்றரியைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிடச் சொல்லி, எஞ்சினிலிருந்து சார்ஜ் வரும் வயரின் தொடக்கத்தில் மல்ரிமீற்றரை வைத்தேன். 14.2 வோல்ற். அதே வயர் போய்ச் சேரும் பற்றரியின் தலையில் வைத்தேன். 12.9.

நடுவில் இருந்தது நாலு மீற்றர் வயர். அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். குறுக்குப் பலகைக்குக் கீழே, கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சில் விரல் சுட்டது. டேப்பை உரித்தால், இரண்டு வயரை வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். செம்பு கரிபோலக் கறுத்து, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. எஞ்சின் கொடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த முடிச்சைச் சூடாக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு பற்றரிகளும் பட்டினியில் செத்தவை. நல்ல பற்றரி வாங்கினாலும் இதே கதிதான்.

இந்தக் கரையில் நான் பார்க்கும் பற்றரிச் சாவுகளில் முக்கால்வாசி இப்படித்தான். ஈய-அமில பற்றரி அரைகுறைச் சார்ஜில் நாள்கணக்காகக் கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேற்று இறுகிக் கல்லாகிவிடும். அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளாது. அதனால் புதிதாகப் போட் வாங்கியிருக்கும் உங்களுக்கு நான் சொல்லவருவது, பற்றரியின் விலைச்சீட்டைப் பார்க்குமுன் அதன் இடத்தையும் வயரையும் பாருங்கள் என்பதுதான். 16 முதல் 22 அடி வரையான பைபர் போட், பின்னால் ஒரு எஞ்சின், ஒன்றோ இரண்டோ 12 வோல்ற் பற்றரி என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதலில் இடம்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரைகளுக்கு நிறைய பைபர் போட்டுகள் வந்தன. நான் கைவைத்த பலவற்றில் பற்றரிக்கென்று இடமே விட்டிருக்கவில்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் எஞ்சினை நினைத்துக் கட்டியவை அவை. பிறகு மீன் தேடும் கருவி வந்தது, ஜிபிஎஸ் வந்தது, கைப்பேசி வந்தது. பற்றரியை எங்கே வைப்பது? எஞ்சினுக்குப் பக்கத்தில், பெற்றோல் டாங்கியோடு ஒட்டி, பின்பலகை மூலையில். வயர் மிச்சம் என்று எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். மூன்று காரணங்களுக்காக அந்த மூலை வேண்டாம்.

பாரம் ஒன்று. 25 குதிரைவலு எஞ்சின் 50 கிலோவுக்கு மேல். நிறைந்த 25 லீற்றர் டாங்கி 20 கிலோ. சுக்கான் பிடிப்பவர் ஒரு 70 கிலோ. இதோடு 18 கிலோ பற்றரியையும் பின்னால் வைத்தால், போட் குந்திக்கொண்டு ஓடும். அணியம் தூக்கி முன்னால் கடல் தெரியாது. தண்ணீர் இரண்டாவது காரணம். போட்டை மணலில் இழுத்து ஏற்றும்போது அணியம் மேலே, பின்பக்கம் கீழே. உள்ளே கிடக்கும் உப்புத்தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்குத்தான் ஓடும்.

மூன்றாவதைச் சிலர் நம்பமாட்டார்கள், ஆனால் உயிர் போகும் விசயம் அதுதான். சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பற்றரி ஐதரசன் வாயுவை விடும். அது காற்றைவிட லேசு, மேலே போகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். பெற்றோல் ஆவி அதற்கு நேர்மாறு. காற்றைவிடக் கனம், இறங்கிப் போட்டின் அடியில் குளம்போலத் தங்கும். பற்றரிக் கம்பத்தில் வயர் தளர்ந்து ஒரு பொறி பறந்தால், மேலே ஒன்று காத்திருக்கிறது, கீழே ஒன்று காத்திருக்கிறது. ஆகவே டாங்கி இருக்கும் அறையில் பற்றரி வேண்டாம். பற்றரிப் பெட்டிக்கு மேல்பக்கம் காற்று வெளியேற வழி இருக்கவேண்டும். மூடியைச் சிலிக்கன் பூசி அடைத்துவிடாதீர்கள்.

அப்போ எங்கே? நடுக் குறுக்குப் பலகைக்குக் கீழே, அல்லது அதற்குச் சற்றுப் பின்னால், போட்டின் நடுக்கோட்டில். கயிறு இழுக்கும் எஞ்சினாக இருந்து, விளக்குக்கும் கருவிகளுக்கும் மட்டும் பற்றரி என்றால், தாராளமாக நடுவிலேயே வையுங்கள். சாவி திருகி ஸ்டார்ட் பண்ணும் எஞ்சினுக்கு மிகத் தூரம் போகக்கூடாது. ஏனென்று வயர்க் கணக்கில் சொல்கிறேன். ஒன்றரை, இரண்டு மீற்றர் முன்னால் என்பது நல்ல சமரசம்.

பற்றரியின் அடி, தளத்திலிருந்து ஒரு சாணாவது உயர்ந்து இருக்கட்டும். வெயில் நேரே படக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊர் வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். கறுப்புப் பெட்டி கையை வைக்கமுடியாமல் கொதிக்கும், பற்றரியின் ஆயுசு அந்தச் சூட்டில் வேகமாகக் கரையும். கடைசியாக ஒன்று: கையும் சாவியும் போகும் இடமாக இருக்கவேண்டும். வலையையும் ஐஸ் பெட்டியையும் இறக்கினால்தான் பற்றரி தெரியும் என்றால், அதை ஒருநாளும் நீங்கள் பார்க்கப்போவதில்லை.

அசையாமல் கட்டுதல்

உட்துறைமுகத்துக்குள் ஓடிப் பார்த்துவிட்டு "ஆடேல்லை" என்று முடிவெடுக்காதீர்கள். அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல இருக்கும். கோணேசர் மலையைத் தாண்டி வெளியே வந்தோ, கொட்டியாரக்குடா வாயில் எதிர்க்காற்று அடிக்கும்போதோ போட் அலையிலிருந்து விழுந்து எழும்பும். ஒவ்வொரு விழுகையிலும் 18 கிலோ ஈயம் துள்ளும். தகடு உள்ளே உடையும், கம்பத்தில் வயர் தளரும். பெட்டி கவிழ்ந்தால் அசிட் காலில்.

பலகைக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகளை பைபரால் ஒட்டி, அதன்மேல் ஒரு தட்டு அமையுங்கள். போட்டின் அடித்தோலைத் துளைத்து ஆணி, திருகு எதுவும் போகவேண்டாம். தட்டில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் மூடியுள்ள பிளாஸ்ரிக் பற்றரிப் பெட்டி, நாலு பக்கமும் ஒரு அங்குல உயரத்துக்குக் கட்டை. மேலால் அகலமான நைலோன் பட்டி, கறள் பிடிக்காத கொளுக்கியோடு. சைக்கிள் டியூப் ரப்பரால் கட்டுவதைப் பார்க்கிறேன். அது இரண்டு மாத வெயிலில் நைந்துவிடும்.

அமெரிக்கப் படகுத் தரநிர்ணய அமைப்பான ஏபிவைசி ஒரு சோதனை வைத்திருக்கிறது: 90 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 41 கிலோ விசையில் இழுத்தாலும் பற்றரி ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு காலைப் பலகையில் ஊன்றி, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து முழுப்பலத்தோடு இழுத்துப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய பற்றரி

கடையில் கேட்டால் பெரியதைத்தான் காட்டுவார்கள். வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள். இரவுத் தொழிலுக்குப் போகும் ஒரு போட்டை எடுப்போம். 20 வோற் எல்ஈடி விளக்கு எட்டு மணித்தியாலம் எரிந்தால் 160 வோற்-மணி. அதை 12ஆல் பிரித்தால் 13 அம்பியர்-மணி. மீன் தேடும் கருவி 0.8 அம்பியர், பத்து மணித்தியாலத்துக்கு 8. கடலில் பேசும் விஎச்எப் வானொலியைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் 0.4 அம்பியர், பத்து மணித்தியாலத்துக்கு 4. கைப்பேசிகள் 3. மொத்தம் 28 அம்பியர்-மணி. ஈய-அமில பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் இரண்டால் பெருக்குங்கள். 56. அப்போ 60 அல்லது 70 அம்பியர்-மணி பற்றரி போதும்.

ஆனால் கணக்கின் மறுபாதியை யாரும் போடுவதில்லை. செலவான 28 எங்கிருந்து திரும்பி வரும்? சின்ன எஞ்சின் முழு வேகத்தில் 6 அம்பியர் கொடுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தால், நடைமுறையில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒரு மணி, வர ஒரு மணி ஓடினால் கிடைப்பது 8. ஒவ்வொரு இரவும் 20 அம்பியர்-மணி கடன். மூன்றாம் இரவு விளக்கு மங்கும். "பற்றரி சரியில்லை" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கடனை அடைக்கச் சோலார் பனலோ கரைச் சார்ஜரோ கட்டாயம் வேண்டும். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் பகலில் ஆட்களை ஏற்றி இறக்கும் போட்டுக்கு நிலைமை வேறு. விளக்கே எரிவதில்லை, ஆனால் தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். ஒரு நாளில் பலமுறை ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் மட்டும் ஓடும் எஞ்சின், ஸ்டார்ட்டர் குடித்ததைத் திருப்பிக் கொடுத்தாலும், குறைந்து கிடக்கும் பற்றரியை நிரப்ப அதனால் ஆகாது.

காரில் கழற்றிய பற்றரியைப் போடலாமா என்று கேட்பார்கள். ஸ்டார்ட் பண்ண மட்டும் என்றால் ஓடும். இரவெல்லாம் விளக்கு எரிக்க அது ஆகாது. அதன் மெல்லிய தகடுகள் ஆழமாக இறங்கி ஏறுவதற்குச் செய்தவை அல்ல. லித்தியம் பற்றரி ஆசை இருந்தால், பழைய எஞ்சினின் சார்ஜ் வயரை அதில் நேரே கொழுவாதீர்கள். அது எஞ்சினின் சுருளிடமிருந்து அளவுக்குமீறி இழுக்கும், நிறைந்ததும் சட்டென்று துண்டித்துக்கொள்ளும், எரிவது எஞ்சினின் சார்ஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேற்றர். எஞ்சினிலிருந்து வருவதைப் பற்றரிக்கு ஏற்ற அளவாக்கிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரை நடுவில் வைத்தால்தான் சரி.

வயர்

இங்கேதான் நிறையப் பேச இருக்கிறது. வீட்டு வயரிங் செய்தபோது மிஞ்சிய 7/0.67 வயரைப் போட்டில் ஓடவிடுவது எங்கள் ஊரில் சாதாரணம். கணக்குப்படி அது 2.5 சதுர மில்லிமீற்றர், மின்சாரம் ஓடத்தான் செய்யும். ஆனால் அதில் இருப்பது ஏழே ஏழு தடித்த கம்பி. எஞ்சின் நடுக்கத்தில் கம்பி ஒவ்வொன்றாக உள்ளே முறியும். வெளியே உறை புதுசுபோல மினுங்கும். போட்டுக்கு மெல்லிய இழைகள் நிறைந்த, வளையும் வயர் வேண்டும். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பூசாத செம்பில் உப்பு ஈரம் உறைக்குள் ஊர்ந்து ஊர்ந்து போய் முழு நீளத்தையும் கறுப்பாக்கும். பழைய வயரின் நுனியில் ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். செம்பு ரோஜா நிறத்தில் மினுங்காமல் கறுத்திருந்தால், இன்னொரு அங்குலம் உரியுங்கள். அங்கேயும் கறுப்பென்றால் அந்த வயர் வேண்டாம்.

வயர் எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும்? செம்பின் தடையைச் சொல்லும் ஒரு எண் போதும்: 0.0175. அதைப் போகவரும் மொத்த நீளத்தால் பெருக்கி, வயரின் சதுர மில்லிமீற்றரால் பிரித்தால் தடை கிடைக்கும். தடையை அம்பியரால் பெருக்கினால் வழியில் போகும் வோல்ற். எஞ்சினிலிருந்து பற்றரி 4 மீற்றர் என்றால் போகவர 8 மீற்றர். 5 அம்பியர் சார்ஜ், 1.5 வயர்: 0.47 வோல்ற் போய்விடும். எஞ்சின் 14.2 கொடுத்தால் பற்றரி பார்ப்பது 13.7தான். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு 0.12 மட்டும். பெரிய விலை வித்தியாசமில்லை; ஆனால் பற்றரி நிறைவதற்கும் எப்போதும் அரைவயிறாகக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஸ்டார்ட்டர் வயர் இன்னொரு கதை. திருகும் நேரத்தில் 100 அம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். அதே 8 மீற்றருக்கு 16 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.9 வோல்ற் போகும், 35 போட்டால் 0.4. பற்றரியை முன்னால் நகர்த்தினால் இந்தத் தடித்த செம்புக்குக் காசு கொடுக்கவேண்டும். அதனால்தான் ஒன்றரை இரண்டு மீற்றரோடு நில்லுங்கள் என்றேன். எஞ்சினோடு வந்த கேபிளை முடிச்சுப்போட்டு நீட்டாதீர்கள். முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக மாற்றுங்கள்.

வயரின் நுனியில் லக், அதாவது கம்பத்தில் மாட்டும் உலோக வளையம், போட்டு, அதற்குரிய கருவியால் இறுக நசுக்குங்கள். குறட்டால் தட்டையாக்குவது நசுக்குவது ஆகாது. ஈயம் மட்டும் பற்றவைத்து விட்டுவிடவும் வேண்டாம். ஈயம் ஊறிய இடம் விறைத்துப்போய், அது முடியும் இடத்தில் நடுக்கத்தால் வயர் முறியும். மேலால் உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயை இட்டுச் சூடு காட்டுங்கள்; ஓரத்தால் பசை பிதுங்கி வந்தால் ஈரம் போகாது. கறுப்பு டேப்பை நம்பவேண்டாம். எங்கள் வெயிலில் அது பிசுபிசுத்து வழுகிவிடும்.

வயரை விளிம்புக்குக் கீழே உயரமாக, ஒன்றரை அடிக்கு ஒரு பிடி வைத்துக் கொண்டுபோங்கள். எந்தக் கருவிக்குள் நுழைந்தாலும், நுழையுமுன் கீழே ஒரு சின்ன வளைவு விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கருவிக்குள் போகாது. நேர்முனைக்குச் சிவப்பு, எதிர்முனைக்குக் கறுப்பு. வேறு நிறமே கிடைக்காவிட்டாலும் நேர்வயரின் இரண்டு நுனியிலும் சிவப்பு உறை போட்டு அடையாளம் வையுங்கள். ஒரு கம்பத்தில் நாலு லக்குக்கு மேல் அடுக்காதீர்கள். கூட வேண்டுமென்றால் ஒரு பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பிரியுங்கள்.

பியூஸ்

பியூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. 12 வோல்ற் பிடித்தால் கையில் அடிக்காது என்பதால் பலர் பயமில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் நேர்வயர் உரசி எஞ்சின் உடம்பில் பட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரு கணத்தில் தள்ளும். வயர் சிவந்து, உறை எரிந்து, பக்கத்தில் பைபர். கடலில் அதற்குமேல் ஓட இடமில்லை.

பற்றரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வயருக்கும், முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ் என்பது ஏபிவைசி விதி. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சார்ஜ் வயருக்கு, எஞ்சின் 6 முதல் 10 அம்பியர் கொடுப்பதென்றால், 15 அம்பியர் பியூஸ். கருவிகள், விளக்குகளுக்குப் போகும் பெட்டிக்கு 2.5 வயர் என்றால் 15 அல்லது 20. பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சின்ன பியூஸ். விஎச்எப் முழுச் சக்தியில், 25 வோற்றில், பேசும்போது 5, 6 அம்பியர் இழுக்கும். அதற்கு மெல்லிய வயர் கொடுத்தால் கேட்கும், ஆனால் பேசும்போது அணைந்துவிடும். 16ஆம் அலைவரிசையில் உதவி கேட்கும் நேரத்தில் அப்படி ஆகக்கூடாது.

தண்ணீர் இறைக்கும் பம்பியை மட்டும் பிரதான சுவிட்சுக்கு முன்னாலேயே, தன் பியூஸோடு பற்றரியில் கொழுவுங்கள். கரையில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனபிறகு மழை பெய்தாலும் அது ஓடவேண்டும்.

எஞ்சினிலிருந்து சார்ஜ்

எஞ்சினுக்குள் சுழலும் காந்தச் சக்கரத்துக்குக் கீழே ஒரு சுருள் இருக்கும். அதிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். அதைப் பற்றரிக்கு ஏற்றபடி ஒரு திசையாக்குவது ரெக்ரிபையர், அளவோடு நிறுத்துவது ரெகுலேற்றர். உங்கள் எஞ்சினில் இவற்றில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சாவி ஸ்டார்ட் எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டையும் உள்ளே வைத்தே வரும். கயிறு இழுக்கும் எஞ்சினில் சிலவற்றில் விளக்குச் சுருள் மட்டும் இருக்கும். இரண்டு வயர் வெளியே தொங்கும். அதை நேரே பற்றரியில் கொழுவினால் பற்றரிக்கும் கேடு, சுருளுக்கும் கேடு. ரெக்ரிபையர்-ரெகுலேற்றர் ஒன்றை வாங்கி நடுவில் வைக்கவேண்டும். ரெக்ரிபையர் மட்டும் வைத்து ரெகுலேற்றர் இல்லாவிட்டால், நீண்ட ஓட்டத்தில் 15 வோல்றுக்கு மேல் ஏறிப் பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும்.

கொழுவும் ஒழுங்கு: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். கழற்றும்போது எதிர்முனை முதலில். எதிர்முனை எஞ்சின் உடம்போடு இணைந்திருப்பதால், அது கழன்றிருந்தால் நேர்முனையில் திருகும் சாவி எஞ்சினில் எங்கே பட்டாலும் பொறி வராது. மாற்றிக் கொழுவினால் ரெக்ரிபையர் அந்தக் கணமே போய்விடும். இருட்டில், அவசரத்தில் பற்றரி மாற்றாதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பிரதான சுவிட்சை ஒருபோதும் அணைக்கவேண்டாம். பற்றரி துண்டிக்கப்பட்டதும் வோல்ற் எகிறி ரெகுலேற்றர் எரியும். சுவிட்சின் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் எழுதியே வையுங்கள், போட்டை இரவல் கேட்டு எடுத்துப் போகிறவருக்கும் தெரியட்டும்.

திமிங்கிலம் பார்க்க ஆட்களோடு வெளிக்கடலுக்குப் போகும் போட்டானால் இரண்டு பற்றரி வையுங்கள். ஒன்று ஸ்டார்ட் பண்ண மட்டும், மற்றது கருவிகளுக்கு. நடுவில் வோல்ற்றைப் பார்த்து இணைக்கும் ரிலே. ஸ்டார்ட் பற்றரி 13.3 வோல்ற் அளவுக்கு ஏறியதும் அது இரண்டையும் இணைக்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். இரவெல்லாம் வானொலி கேட்டாலும் காலையில் எஞ்சின் திருகும்.

சோலாரும் கரைச் சார்ஜரும்

திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில்தான் இருக்கிறது. பனலைச் சரிக்கத் தேவையில்லை, தட்டையாகவே வையுங்கள். 50 வோற் பனல் நல்ல வெயில் நாளில் 14 அம்பியர்-மணி அளவுக்குக் கொடுக்கும். மேலே சொன்ன 20 அம்பியர்-மணிக் கடனில் பெரும்பங்கு அதிலேயே அடையும். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவில் நின்று சார்ஜை அளவாக்கும் கொன்ட்ரோலரில் முதலில் பற்றரியைக் கொழுவி, அப்புறம் பனல். கழற்றும்போது பனல் முதலில். பனலின்மேல் வலை காயப்போடாதீர்கள். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே பாதிச் சக்தி போய்விடும்.

கரைச் சார்ஜர் என்றால் பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஈரமணலில் 230 வோல்ற் வயரை இழுத்துப் போட்டுக்குக் கொண்டுவரும் வேலை வேண்டவே வேண்டாம், வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும். பற்றரி அளவின் பத்தில் ஒரு பங்கு அம்பியர் கொடுக்கும் சார்ஜர் போதும், 70க்கு 7. இடுக்கிகளைக் கொழுவியபின் பிளக்கைப் போடுங்கள், பிளக்கைக் கழற்றியபின் இடுக்கிகளை எடுங்கள். அறைக் கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் சுருட்டு வேண்டாம்.

மீற்றரைக் கொண்டு பார்த்தல்

எல்லாம் முடிந்ததும் சோதனை. இரவு முழுக்க ஓய்ந்த பற்றரி காலையில் 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்தது. 12.2 என்றால் பாதி. 11.9க்குக் கீழே என்றால் உடனே ஏற்றுங்கள். எஞ்சினை நடு வேகத்தில் ஓடவிட்டு, பற்றரியின் தலையிலேயே பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்கவேண்டும்.

அது குறைந்தால், மீற்றரின் ஒரு ஊசியை ரெகுலேற்றரின் நேர் வெளிவாயிலும், மற்றதைப் பற்றரியின் நேர்முனையிலும் வையுங்கள். அந்த வயர் தின்னும் வோல்ற் நேரே மீற்றரில் தெரியும். 0.2க்கு மேல் என்றால் அந்தப் பாதையில் எங்கோ குற்றம். ஊசியை ஒவ்வொரு மூட்டாக நகர்த்தினால் எண் துள்ளும் இடம்தான் அது. எதிர்முனைப் பக்கத்தையும் இப்படியே பாருங்கள். பாதிக் குற்றங்கள் அங்கேதான், யாரும் தேடாத கறுப்பு வயரில்.

கடைசியாக எல்லாவற்றையும் அணைத்து, பம்பியின் பியூஸையும் எடுத்துவிட்டு, எதிர்முனை வயரைக் கழற்றி, மீற்றரை அம்பியர் நிலையில் அந்த இடைவெளியில் வையுங்கள். ஏறத்தாழப் பூச்சியம் வரவேண்டும். ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ ஈரத்தினூடாக மின்சாரம் கசிகிறது. அது பற்றரியை இறக்குவதோடு நிற்காது, எஞ்சினின் அலுமினியக் காலையும் அரிக்கும்.

பராமரிப்பும் வாடைக்காலமும்

பற்றரித் தலை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தால், வயரைக் கழற்றி, அப்பச்சோடாவை நல்ல தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நுரைத்து அடங்கியதும் தூரிகையால் தேய்த்து, கழுவி, உலர்த்தி, இறுக்கி, பிறகு மேலால் கிறீஸ் பூசுங்கள். கிறீஸ் பூசிவிட்டு இறுக்குவதல்ல. பற்றரித் துவாரங்களுக்குள் சோடா போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் பற்றரிக்கென்று விற்கும் வடித்த நீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

வாடை தொடங்கிப் போட்டைக் கரையேற்றும்போது பற்றரியை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சீமெந்துத் தரையில் வைத்தால் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு அது உண்மை; இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டல்ல. சும்மா கிடந்தாலும் அது தானாகவே மெல்ல இறங்கும் என்பதுதான் விசயம். மாதம் ஒருமுறை ஏற்றுங்கள்.

அந்தத் தம்பியின் போட்டில் முடிச்சை வெட்டியெறிந்து, 6 சதுர மில்லிமீற்றர் வயரை ஒரே துண்டாக இழுத்து, நடுப்பலகைக்குக் கீழே புதுத் தட்டில் பற்றரியை வைத்தோம். எஞ்சினில் 14.2, பற்றரியில் 14.1. பெட்டி மூடியின் உட்பக்கத்தில் திகதியையும் அந்த இரண்டு எண்ணையும் மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன். இப்போது மாதத்துக்கு ஒரு வரி அவர் தன் கையாலேயே எழுதுகிறார். போன கிழமை பார்த்தபோது கடைசி வரியில் 14.0 என்று இருந்தது. ரெகுலேற்றர் பக்கத்து லக்கைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.